கூம்பு வைத்துப் பயிற்சியா, ஆள் வைத்துப் பயிற்சியா?

கூடைப்பந்துப் பயிற்சியைக் கடினமாக்க நினைக்கும் பலரும் முதலில் கூட்டுவது எண்ணிக்கையைத்தான்: இன்னும் 50 ஷாட், இன்னும் பத்துச் சுற்று ஓட்டம். மூச்சு வாங்கும், ஆட்டம் பெரிதாக மாறாது. ஆட்டத்தில் ஒருவரைத் திணறடிப்பது எதிரில் நிற்கும் ஆளும், குறைந்துகொண்டே போகும் நேரமும்தான். இவை இல்லாத டிரில் எவ்வளவு வியர்க்க வைத்தாலும் பாதிப் பயிற்சிதான்.

முதலில் ஷூட்டிங். ஒரே இடத்தில் நின்று 25 ஷாட் போட்டால், ஐந்தாறு ஷாட்டுக்குள் கை அந்தத் தூரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்காது. இதற்குப் போட்டி, இடம் மாற்றிப் போடுவது. இரு மூலை, இரு பக்கவாட்டு, நடு என ஐந்து இடங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஷாட் கூடாது. ஒரு ஷாட் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, அடுத்தது உள்ளே. 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் தடுப்புகளைக் கையால் தட்டிவிடும் சோதனையில் கண்டது இது: வரிசையைக் கலைத்துப்போட்டுப் பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள், பிறகு சோதித்தபோது முந்தினார்கள். அது ஷூட்டிங் அல்ல என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பயிற்சியில் விழும் கூடைகளை மட்டும் எண்ணி டிரிலை எடைபோடக் கூடாது என்பதற்கு அது போதும். ஒரே இடப் பயிற்சிக்கு ஒரு வேலை உண்டு: முழங்கை வெளியே விரிவது போன்ற குறையைத் திருத்தும்போது வளையத்திலிருந்து 2 மீட்டருக்குள் 15, 20 ஷாட். கை சரியானதும் அதை விட்டுவிடலாம்.

வேகத் தாக்குதலுக்கு அதிகம் பயன்படுவது மூவர் பின்னல்: பாஸ் கொடுத்தவர், வாங்கியவரின் பின்னால் சுற்றி ஓடுவார். பார்க்க அழகு. தடுப்பாளர் இல்லாததால் யாரும் எதையும் பார்த்து முடிவெடுப்பதில்லை. உடம்பைச் சூடேற்ற நான்கு நிமிடம் போதும்.

அதன் இடத்தில் 3-க்கு-2 (மூவர் தாக்க, இருவர் தடுப்பது), திரும்பி வரும்போது 2-க்கு-1. தடுப்பாளர் ஒருவர் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) கோட்டருகே, மற்றவர் அவருக்குப் பின்னால் வளையத்தின் முன். முதல் பாஸ் போகும் பக்கம் பின்னவர் பாய, முன்னவர் வளையத்தைக் காக்க இறங்குவார். ஷாட் போட்டவரோ பந்தை இழந்தவரோ உடனே திரும்பி ஓடித் தடுக்க வேண்டும். அதுவரை தடுத்த இருவரும் இப்போது தாக்குவார்கள். இங்கே வழக்கமாகச் சொதப்புவது நடுவில் டிரிபிள் செய்பவர், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வருபவர். ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்காமல் உள்ளே புகுந்துவிடுவார். ஒரே தடுப்பாளர் அவரையும் பாஸ் வழியையும் சேர்த்து அடைத்துவிடுவார். பக்கவாட்டில் ஓடுபவர்கள் சீக்கிரமே உள்ளே ஒதுங்கினாலும் இதே கதி. ஃப்ரீ த்ரோ கோட்டின் மட்டம் வரும்வரை அவர்கள் பக்கக் கோட்டை ஒட்டியே ஓடட்டும். டிரில் சுலபமாகிவிட்டால், நடுக்கோட்டிலிருந்து இன்னொரு தடுப்பாளர் பின்னால் துரத்தட்டும்.

டிரிபிளிங்கில் தேர்வு எளிது. தரையில் வைத்துச் சுற்றி ஓடும் கூம்பு நகராது, பந்தைப் பறிக்காது. கண் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். 4 மீட்டர் அகலப் பாதையில் ஒருவரை எதிரே நிறுத்துங்கள். முதல் இரண்டு சுற்று தடுப்பாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் மறிக்கட்டும், பிறகு முழுத் தடுப்பு.

5-க்கு-5-ஆ, 3-க்கு-3-ஆ? உதவிக்கு நகர்வதையும் இடைவெளி காப்பதையும் முழுமையாகக் கற்க ஐவர் வேண்டும். அதற்குக் கடைசி 15 நிமிடம் போதும். மற்ற நேரத்துக்கு அரை மைதானத்தில் மூவர் ஆட்டமே மேல்: பந்து அடிக்கடி கைக்கு வரும், ஒளிந்துகொள்ள இடமில்லை. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் 3x3-இல் உள்ள 12 விநாடி ஷாட் வரம்பை (அதற்குள் ஷாட் போட்டாக வேண்டும்) அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை வைக்கும்போதுதான் கவனம் தேவை. "நான்கு பாஸ் கொடுத்தபிறகே ஷாட்" என்றால் பிள்ளைகள் பாஸை எண்ணிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் லேஅப்பை (வளையத்தை ஒட்டிப் போடும் சுலபமான ஷாட்) விட்டுவிடுவார்கள். தடை விதிப்பதைவிட, பெயின்ட்டுக்குள் (ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள கட்டம்) பந்து போய் வந்தபின் விழும் கூடைக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் தருவது நல்லது.

கடினத்தின் அளவு? பத்து முயற்சியில் ஒன்பது வெற்றி என்றால் இறுக்குங்கள். நான்குக்குக் கீழே போனால் தளர்த்துங்கள். இடம், நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றில் ஒரே ஒன்றை மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதைத்தது என்று தெரியாது.

களைப்பைப் புகுத்த ஏற்ற இடம் ஃப்ரீ த்ரோ. வரிசையாக 20 போடுவதைவிட, முழு மைதானம் ஒருமுறை ஓடிவந்து இரண்டே இரண்டு, பிறகு மீண்டும் ஓட்டம். ஆட்டத்தில் அந்தக் கோட்டில் மூச்சிரைக்க நிற்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த இரண்டுதான்.