கித்துல்கலவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி வரை: இரண்டு நாள் தாவர நடை பற்றி

நுவரெலியாவிலிருந்து இயங்கும் சிறிய பயணச் சேவை ஒன்று, கித்துல்கலவின் தாழ்நில மழைக்காட்டில் தொடங்கி ஹோர்ட்டன் சமவெளியின் முகில் காட்டில் முடியும் இரண்டு நாள் நடையொன்றை நடத்தி வருகிறது. உயரம் கூடக் கூடக் காட்டிலுள்ள தாவரங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கண்முன் காட்டுவதே அதன் நோக்கம். கடந்த பெப்ரவரியில் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஐவரும், அவர்களுள் ஒருவருடைய தாயாருமாக ஆறு பேர் சென்று வந்தோம். அந்த அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 18,000 ரூபா அறவிட்டார்கள். வேன், ஓரிரவுத் தங்கல், சாப்பாடு, வழிகாட்டி அனைத்தும் அதில் அடக்கம் என்று கூறியிருந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவின் நுழைவுக் கட்டணம் அடங்காது என்பதை நுழைவாயிலில் நின்றபோதுதான் சொன்னார்கள். காலை ஐந்தரைக்கு ஹட்டனுக்கு வரவேண்டிய வேன் ஆறேமுக்காலுக்கு வந்தது. பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்பது ஊரறிந்த விடயமாக இருந்தும், அவர்கள் கட்டித் தந்த காலைச் சாப்பாடு பொலித்தீன் தாளில்தான் சுற்றியிருந்தது. வாசலில் எல்லாவற்றையும் பிரித்து வாழையிலையில் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. இவை யாவும் திருத்தக்கூடிய குறைகள். நான் முக்கியமாக எழுத வந்தது வேறொரு குறையைப் பற்றியும், அதைவிடப் பெரிய நிறைவைப் பற்றியும்.

நிறைவு என்பது அந்த வரைபுத்தாள் கொப்பி. கித்துல்கலவில் களனி கங்கையைக் கடந்து மக்கந்தாவைக் காட்டுக்குள் நுழைந்ததும், வழிகாட்டியாக வந்த இளைஞர் ஆளுக்கொரு கொப்பியைத் தந்தார். ஒரு சென்ரிமீற்றர் கட்டங்கள் கொண்ட சாதாரணக் கணக்குக் கொப்பிதான். கீழே உதிர்ந்து கிடந்த இலையொன்றை அதன்மேல் வைத்து, பென்சிலால் விளிம்பை வரைந்து, இலையை எடுத்த இடத்திலேயே போட்டுவிடச் சொன்னார். எனக்குக் கிடைத்தது ஹொர மரத்தின் இலை. நம்மவர் அந்த மரத்தை எண்ணெய் மரம் என்றும் சொல்வார்கள். இலை என் விரித்த கையை முழுதாக மூடியது. கட்டங்களை எண்ணியபோது நூற்றிருபதைத் தாண்டியது. பக்கத்தில் வேறொருவர் வரைந்த இலை சிறியதெனினும், அதன் நுனி வால் போல நீண்டிருந்தது. மழை நீர் இலையில் தங்காமல் வழிந்தோடுவதற்கு உதவும் சொட்டு நுனி அது என்றார் வழிகாட்டி. அங்கே கடல் மட்டத்திலிருந்து எங்கள் உயரம் 100 மீற்றருக்குச் சற்றுக் கூடுதல். தலைக்கு மேல் மரங்கள் நாற்பது மீற்றர் அளவுக்கு நிமிர்ந்து நின்றன. காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். 2,100 மீற்றருக்கு மேல் உள்ள இடம் என்பதால், புல்லின் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பூங்காவுக்குள் இலையைத் தொட்டுப் பறிக்கக் கூடாது; ஆகவே பாதையோரம் தாழ்ந்திருந்த கிளையொன்றுக்குப் பின்னால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, இலையை அசைக்காமல் வரைந்தோம். சிங்களத்தில் 'கீன' எனப்படும் அந்த மரத்தின் இலை தடித்து, தோல் போல விறைப்பாக இருந்தது. ஆறே கட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. நடுநரம்பிலிருந்து இரு புறமும் சீப்புப் பற்கள் போல மெல்லிய நரம்புகள் நெருங்கி ஓடியதைப் பார்த்ததும் எனக்குக் கடற்கரைப் புன்னையின் நினைவு வந்தது. கேட்டேன், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதாம் என்றார் வழிகாட்டி. நெய்தல் நிலத்து மரமென்று நாம் பாடசாலையில் படிப்பிக்கும் புன்னையின் உறவினமொன்று, குறிஞ்சியின் உச்சியில், முகிலுக்குள் குள்ளமாக நிற்கிறது. முதல் நாள் வரைந்த இலையையும் இதையும் ஒரே பக்கத்தில் அருகருகே பார்க்கும்போது ஏற்படும் விளக்கத்தைப் பாடநூலின் எந்தப் படமும் தருவதில்லை.

இந்த மாற்றத்துக்கான காரணங்களை வழிகாட்டி அவசரப்படாமல் விளக்கினார். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். முதல் நாள் முற்பகல் 11 மணிக்குக் கித்துல்கலவில் 28 பாகை காட்டிய அவருடைய வெப்பமானி, மறுநாள் அதே நேரத்துக்குச் சமவெளியில் 16 பாகை காட்டியது. ஆனால், குளிர் மட்டுமே காரணமன்று. மூடிக்கிடக்கும் முகில் வெயிலைக் குறைக்கிறது. ஈரம் ஊறிய குளிர்ந்த மண்ணில் உதிர்ந்த இலை மெதுவாகவே உக்குவதால் போசணைப் பொருள்கள் வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை. மலை முகட்டில் காற்று ஓயாமல் அடிக்கிறது. இப்படியான இடத்தில் ஓர் இலையை உண்டாக்குவது மரத்துக்குப் பெருஞ்செலவு. அதனால் சிறிதாகவும் தடிப்பாகவும் ஆக்கி, நெடுநாள் வைத்துக்கொள்கிறது. மரமும் உயராமல், கொப்புகள் முறுகி, குடை விரித்தாற்போல் தட்டையான தலையுடன் நின்றுவிடுகிறது.

இனி, மனதுக்கு ஒவ்வாத குறைக்கு வருகிறேன். இரண்டு இடங்களிலும் இருபது மீற்றர் கயிறொன்றைப் பாதையோரம் நீட்டிப் பிடித்து, அதன் அருகில் நிற்கும் மரங்களில் எத்தனை வகை என்று எண்ணச் சொன்னார்கள். கீழே எண்ணிக்கை கூடுதலாகவும் மேலே குறைவாகவும் வந்தது. "மேலே போகப் போகத் தாவர வகை குறையும், சேர், அவ்வளவுதான்" என்று வழிகாட்டி முடித்துவிட்டார். மரங்களைப் பொறுத்தவரை அது சரிதான். தாழ்நில மழைக்காட்டின் அடையாளமான ஹொர குடும்பத்து மரங்களிற் பெரும்பாலானவை 1,000 மீற்றரை அண்டியதும் விலகிவிடுகின்றன. அந்த இடத்தை நாவல், கறுவா, புன்னை ஆகியவற்றின் மலை உறவினங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால், மரத்தை மட்டும் எண்ணிவிட்டுத் தாவரப் பல்வகைமை குறைந்துவிட்டது என்று சொல்வது, வீட்டுத் தலைவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) சனம் குறைவு என்று சொல்வதைப் போன்றது.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியில் சரிந்து நின்ற ஒரே ஒரு மரத்தின் தண்டை நான் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உயரத்துக்குள்ளேயே பாசியில் நான்கு வகை தெரிந்தது: ஒன்று பஞ்சு போன்றது, ஒன்று இறகு போன்றது, ஒன்று பட்டையோடு ஒட்டியது, இன்னொன்று நீர் சொட்டத் தொங்கியது. பாசிக்குள்ளிருந்து கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும் சிறு பன்னங்கள் எட்டிப் பார்த்தன. மேற்கொப்பில் இலைக்கன்கள் நரைத்த தாடியாகத் தொங்க, கவட்டில் பூக்காத ஓர்கிட் ஒன்று இருந்தது. கயிற்றுக் கணக்கில் இந்த மரம் 'ஒன்று' மட்டுமே. பாசிக்கும் பன்னத்துக்கும், மரத்தின் மேல் ஒட்டி வளரும் மேலொட்டிகளுக்கும் முகில் தங்கும் உயரம் உகந்த வாழ்விடம். அவற்றை எண்ணினால் விடை வேறுவிதமாக வரும். வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளராத, உள்நாட்டுக்குரிய இனங்கள் பல அங்கே இருப்பதும் பேசப்படவில்லை. மலையுச்சி என்பது சூழக் கடலில்லாத தீவு. காட்டுப் பூவரசின் (ரொடொடென்ட்ரன்) இலங்கைத் துணையினம் அங்கேதான் சிவப்பாகப் பூக்கிறது. நம் நெலு வகைகளில் பல, ஏறத்தாழப் பன்னிரண்டு வருடங்களுக்கொரு முறை கூட்டமாகப் பூத்து மடிகின்றன. நெலு என்பது குறிஞ்சியின் பேரினமே என்று தமிழ்க் குழுவொன்றிடம் சொல்லாமல் கடந்து போவதற்கு ஒரு மனவலிமை வேண்டும்.

இன்னொன்று, இடைப்பட்ட உயரம். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை என்று வேன் நிற்காமலே ஓடியது. 700 முதல் 1,500 மீற்றர் வரையான அந்தப் பகுதியில்தான் கீழ்க்காட்டு இனங்களும் மேற்காட்டு இனங்களும் கலந்து நிற்க வேண்டும்; உலகின் பல மலைகளில் இன எண்ணிக்கை உச்சத்தை அடைவது இப்படியான நடு உயரத்தில்தான். எங்கள் பக்கத்தில் ஏன் அங்கே காடு தென்படவில்லை என்றால், அது முதலில் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பி இலைத்துரு நோய் கண்ட பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டுவிட்டது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடுமாறு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் பரிந்துரைத்தார். மேலே காடு இருப்பதற்கும் கீழே தேயிலை இருப்பதற்கும் இடையிலான எல்லைக்கோட்டை விளங்கிக்கொள்ள இந்த விவரம் இல்லாமல் முடியாது. வேனில் இருந்தவர்கள் அந்தத் தேயிலையில் பிறந்தவர்கள், சொல்லியிருந்தால் கேட்டிருப்போம்.

சொல்லாத இடத்தை அந்த அம்மாதான் நிரப்பினார். நானுஓயாவைத் தாண்டி ஓடைக்கரையில் மரப்பன்னமொன்றைக் கண்டதும், "தம்பி, இது எங்க மலையில பீலிக்கரையில நின்ன மரந்தானே? கவ்வாத்து வெட்டயில ஓடையோரத்த விட்டுருவாங்க, அதுல தப்பிச்சு நிக்கும்" என்றார். வழிகாட்டி அதைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார். தெரியாததைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வழிகாட்டி கிடைப்பது அரிது என்பதால், அவருக்காகவே இந்தச் சேவையை நான் சிபாரிசு செய்வேன். அவருடைய தமிழ் தெளிவானது. தாவரப் பெயர்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் இலத்தீனிலுமே வந்தாலும், கேட்டால் தேடிச் சொல்கிறார்.

சமவெளியின் பெயர்பெற்ற செங்குத்துப் பாறை விளிம்பான உலக முடிவைப் பார்ப்பதே நோக்கமானால் இந்தப் பயணம் பொருந்தாது. இலை வரைந்து முடிக்கையில் ஒன்பதரை மணியாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் முகில். பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தார் என்பது வேறு கதை.

திரும்பி வந்ததும் தொலைபேசியில் இரண்டு யோசனைகள் சொன்னேன்: கயிற்றுக் கணக்கோடு ஒரு மரத்தின் தண்டுக் கணக்கையும் சேர்ப்பது, நடு உயரத்துக்காக, நல்லதண்ணிப் பக்கம் தேயிலை முடிந்து சிவனொளிபாதமலைக் காடு தொடங்கும் இடத்தில் அரை நாள் செலவிடுவது. முதலாவதை உடனே ஏற்றார்கள். இரண்டாவதை யாத்திரைக் காலம் முடிந்த பிறகு, ஆறு பேர் சேர்ந்தால் செய்து பார்க்கலாம் என்றார்கள். இப்போது நான்கு பேர் இருக்கிறோம்.