‘இரண்டாம் ஈத்து’ என்று என் தலையில் கட்டிய தலையீத்து ஆடு

கறவை ஆடு வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக என்னைப் போல முதல் தடவை வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலையீத்து என்றால் முதல் தடவை குட்டி ஈன்ற ஆடு, இரண்டாம் ஈத்து என்றால் இரண்டாம் தடவை ஈன்றது. விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. அவரை ஒதுக்கினாலும் இதே வித்தையை இன்னொருவர் செய்வார். வித்தை என்னவென்று தெரிந்தால் போதும்.

விளம்பரம் என்று வந்தது ஒரு சின்ன வீடியோ. வெள்ளை ஆடு, உருண்டு திரண்ட மடி, பக்கத்தில் இரண்டு குட்டிகள். பின்னால் ஒரு குரல்: “இரண்டாம் ஈத்து. ஈன்று நாலு நாள். வேளைக்கு ரெண்டு லிட்டர். சுத்தமான சானன். சின்னப் பிள்ளை உட்கார்ந்தாலும் கறக்கலாம்.” சானன் சுவிட்சர்லாந்தில் உருவான இனம். அதற்குக் காது விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இந்த ஆட்டுக்குக் காது பாதிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே சுதாரித்திருக்கலாம். மடிக்குப் போன கண் காதுக்குத் திரும்பவே இல்லை.

நேரில் போய்ச் சேரும்போது காலை 11 மணி இருக்கும். மடி வீடியோவில் பார்த்ததைவிடப் பெரிதாக, தோல் பளபளக்க இருந்தது. ஆடு பின்னங்கால்களை அகட்டி வைத்து நின்றது. பால் கனத்தில் அப்படி நிற்கிறது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். வலியில் நின்றிருக்கிறது. “கறந்து காட்டுங்கண்ணே” என்றேன். உட்கார்ந்து இடக்காம்பில் நாலைந்து பீச்சு பீச்சினார். பால் சர்ரென்று வந்தது. வலக்காம்பைத் தொடவில்லை. “முழுசாக் கறந்துடுங்களேன், எவ்வளவுன்னு பார்ப்போம்” என்றதற்கு, “தம்பி, வண்டியில போற ஆடு. மடி காலியா இருந்தா துவண்டு போயிரும்” என்றார். அப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் அவர் சொன்ன தோரணைக்கு நான் தலையாட்டினேன். காம்பு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சின்னக் காம்பு, அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

பணம் கைமாறியது. ரசீது கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. இது என் தப்பு, அவர் தலையில் போட மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை பட்டதும் உதைத்தது. மறுபடி தொட்டேன், அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டது. புது இடம், புது ஆள், சரியாகிவிடும் என்று விட்டேன். மறுநாள் இரண்டு வேளையும் சேர்த்து ஒரு டம்ளர் தேறியிருந்தால் அதிகம். மடி மட்டும் அப்படியே கும்மென்று இருந்தது. குட்டிகளில் ஒன்று குடித்தது. பெரிய குட்டி கிட்டே போனாலே ஆடு மோந்து பார்த்து முட்டித் தள்ளியது.

போன் செய்தேன். “உங்க கை பழகல தம்பி. ஆள் அனுப்பறேன், ஒரு வேளை கறந்து காட்டுவான், பார்த்துப் பழகிக்கங்க” என்றார். பெரிய மனுஷன் என்று நினைத்தேன்.

வந்தவர் முதல் வேலையாகப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பிறகு கட்டைவிரலை உள்ளே மடக்கி, அந்த முட்டியை வைத்துக் காம்பை நசுக்கி நசுக்கி இழுத்தார். ஆடு கத்தியது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் தொடையில் குத்திவிட்டார். இரண்டு நிமிடத்தில் இடப்பக்கம் பால் இறங்கியது. “பார்த்தீங்களா, பால் இருக்கு. எக்கி வச்சிருக்கு. தினம் ஒரு ஊசி போட்டா விட்டுடும்” என்று ஒரு பொட்டலம் ஊசிமருந்தை நீட்டிக் காசு கேட்டார். ஆள் அனுப்பியதற்கும் தனிக் காசு.

அந்த மருந்து ஆக்சிடோசின். குட்டி முட்டும்போதும், மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் தடவும்போதும் ஆட்டின் மூளையிலிருந்து தானாகவே சுரக்கிற பொருள்தான் அது. சில நிமிடங்களே ரத்தத்தில் நிற்கும். பயந்தாலோ வலித்தாலோ அட்ரினலின் குறுக்கே வந்து அதைத் தடுத்துவிடும். காலைக் கட்டி, காம்பை நசுக்கி, ஆட்டைக் கதறவிட்டு அந்தச் சுரப்பை விரட்டிவிட்டு, விரட்டியதையே ஊசியில் அடைத்து எனக்கு விற்றார்கள். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிறகுதான். அந்தப் பொட்டலத்தை வாங்கவில்லை என்பதில் மட்டும் ஒரு சின்ன நிம்மதி.

அடுத்த நாள் விடிகாலை வலப்பக்க மடி சூடாக, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஆடு தீவனத்தை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வலக்காம்பில் அழுத்தியபோது நீர்த்துப்போன பாலில் தயிர்ச்சிதறல் போல ஏதோ வந்தது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா மடியைப் பார்ப்பதற்கு முன் ஆட்டின் கீழுதட்டை விலக்கி வாயைப் பார்த்தார். “இரண்டாம் ஈத்துன்னா சொன்னாங்க? ரெண்டு பல்லுதானே போட்டிருக்கு!”

ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. கீழே மட்டும் 8. முதலில் எல்லாம் பொடிப்பொடியான பால்பற்கள். நடுவில் இருக்கும் ஜோடி விழுந்து அகலமான பெரிய பல் வருவது ஒரு வயதுக்கு மேல், ஒன்றரை வயதுக்குள். இரண்டு வயதை ஒட்டி நாலு பல் ஆகும். சினைக்காலமே ஏறக்குறைய 150 நாள். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் இரண்டு ஈத்து என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. இது தலையீத்து. இதற்கு முன்னால் இதன் மடியில் ஒரு கையும் பட்டிருக்காது. அதனால்தான் உதைத்தது, உட்கார்ந்தது. அதனால்தான் காம்பும் சின்னது.

தலையீத்து என்று சொல்லியே விற்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. எல்லாக் கறவை ஆடும் ஒரு நாள் தலையீத்தாக இருந்ததுதான். பால் கம்மியாக இருக்கும், மூன்றாம் நாலாம் ஈத்து வரை கூடிக்கொண்டே போகும், பழக்க வேண்டும். அதற்கேற்ற விலையும் அதற்கேற்ற பொறுமையும் வைத்திருந்திருப்பேன்.

அடுத்து அந்த மடி. டாக்டரம்மா விரலை வைத்து அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். மாவில் அழுத்தியது போலக் குழி அப்படியே நின்றது. “இது பால் இல்ல, நீர்க்கோவை. முதல் ஈத்துல நிறைய வரும். அதோட ராத்திரியிலிருந்து கறக்காம, குட்டியையும் விடாமக் கட்டி வச்சிருப்பாங்க. நீங்க பார்த்தது ரெண்டையும் சேர்த்து.” பால் கட்டி நின்ற மடி, அதன் மேல் அந்த ஆளின் கட்டைவிரல் முட்டி. வலப்பக்கம் மடிநோய்.

குட்டிகளையும் பார்த்தார். சின்னதற்குத் தொப்புள்கொடி காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியதற்கு விழுந்து, தொப்புள் ஆறி, மயிர் மூடியிருந்தது. தழையைக் கடிக்கவும் ஆரம்பித்திருந்தது. ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த இரண்டு குட்டிக்கு இப்படி இருக்காது. அது வேறு ஆட்டின் குட்டி. இரட்டைக்குட்டி ஈன்ற ஆடு என்றால் விலை ஏறும் என்பதற்காகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக நான், ‘தாய் ஏன் இதை மட்டும் முட்டுகிறது’ என்று ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குட்டியோ பட்டினியில் குரல் கம்மிப்போய்க் கிடந்தது. பிறகு புட்டிப்பாலில் வளர்த்தேன். இந்த முழுக்கதையிலும் என்னால் ஆற முடியாத இடம் இதுதான்.

மருத்துவர் பால் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். தட்டில் பாலோடு ஒரு கரைசலைக் கலந்து, கெட்டிப்படுகிறதா என்று பார்க்கும் மடிநோய்ச் சோதனையும் செய்தார். 1957இல் கலிபோர்னியாவில் மாட்டுப்பாலுக்காக வந்த முறை அது. ஆட்டுப்பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம் என்பதால் லேசாகக் கெட்டிப்பட்டால் பயப்பட வேண்டாம், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இடப்பக்கம் லேசாக இழுத்தது, வலப்பக்கம் கூழாக உறைந்தது. ரத்தமும் எடுத்தார். முதல் ஈத்திலேயே மடி கல்லாக இறுகிப் பால் வராமல் போகும் ஒரு வைரஸ் நோய் ஆடுகளுக்கு உண்டு, சி.ஏ.இ. என்பார்கள். மருந்து கிடையாது, பாலின் வழியாகக் குட்டிக்கும் போகும். நல்லவேளை, அது இல்லை. ஆன்டிபயாடிக் போட்டார். மருந்து முடிந்த பிறகும் லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் கழியும் வரை பாலைக் குடிக்கக்கூடாது, குட்டிக்கும் இடப்பக்கப் பால்கூட வேண்டாம் என்றார். ஆக, பாலுக்காக வாங்கிய ஆட்டை வைத்துக்கொண்டு அதன் குட்டிக்கும் சேர்த்து வெளியில் பால் வாங்கினேன்.

கறக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். எனக்கு ஒழுங்காகக் கிடைத்த ஒரே சேவை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பின் அடியில், மடியை ஒட்டி வளையம் போலச் சேர்த்து மூட வேண்டும். மேலே போகும் பாலுக்கு வழியடைப்பதுதான் அதன் வேலை. பிறகு மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடினால் பால் கீழே வரும். இழுக்கவே கூடாது. தலையீத்துக் காம்புக்கு நாலு விரலும் இடம் பிடிக்காது, இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்க வேண்டும், திரிதிரியாக இருந்தால் தெரிந்துவிடும். தலையீத்தில் முதல் சில நாள் பால் லேசாக இளஞ்சிவப்பாக வருவதுண்டு. நீர்க்கோவையில் மெல்லிய நாளம் வெடித்த ரத்தம் அது, பெரும்பாலும் தானாக நிற்கும். நிற்காவிட்டாலோ, மடி ஜில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

உதைக்கும் விஷயத்தில்தான் எனக்கு நாள் பிடித்தது. உதைத்ததும் நான் கையை எடுத்துவிடுவேன். ‘உதைத்தால் விட்டுவிடுவான்’ என்று அது கற்றுக்கொண்டது. பிறகு சட்டியை மட்டும் நகர்த்திவிட்டுக் கையை மடியிலேயே வைத்திருந்தேன், என் தோளை அதன் விலாவில் சாய்த்து. அடங்கியதும் இரண்டு பீச்சு, அதோடு நிறுத்தித் தீவனம். அடுத்த வேளை நாலு. காலைக் கட்டவில்லை. பன்னிரண்டாம் நாள், அடர்தீவனத்தை மென்றுகொண்டே அசையாமல் நின்று கொடுத்தது. முடிந்ததும் காம்பை மருந்துநீரில் முக்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கத் தழை போடுவேன். காம்புத் துளை மூடுவதற்குள் மண் படக்கூடாது.

இப்போது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. வலப்பக்கம் முழுசாகத் திரும்பவில்லை, பாதிதான். இனி திரும்புமா என்பது அடுத்த ஈத்தில் தெரியும்.

விற்றவரிடம் பல்லின் படத்தை அனுப்பிக் கேட்டேன். “பல்லு சிலதுக்கு லேட்டா வரும் தம்பி” என்றார். குட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, நான் பிரித்துக் கட்டியதால்தான் தாய் சேர்க்கவில்லையாம். கடைசியில், உங்கள் செலவில் வண்டி வைத்துக் கொண்டுவந்து விட்டால் வேறு ஆடு தருகிறேன் என்றார். ஒற்றை மடியோடு இது அடுத்தவர் தலையில் விடியும் என்று தெரிந்ததால் அனுப்பவில்லை.

நீங்கள் போகும்போது இவ்வளவு செய்யுங்கள். முதலில் வாயைத் திறந்து பாருங்கள், பிறகு மடிக்கு வாருங்கள். உங்கள் கண் முன்னால் முழுசாகக் கறக்கச் சொல்லி, அன்றே 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை கறக்கும்போதும் இருங்கள். இரண்டாவது முறை வருவதுதான் உண்மைக் கணக்கு. கறந்து முடித்த மடி துணிப்பை போலச் சுருங்க வேண்டும், சுருங்காவிட்டால் அது சதைமடி அல்லது வீக்கம். இரண்டு காம்பையும் நீங்களே பீச்சிப் பாருங்கள். “தூரம் அதிகம், நேரமில்லை” என்று அவர்கள் அவசரப்படுத்தினால் நீங்களும் வீடு திரும்பிவிடுங்கள். ஈன்று நாலே நாளான ஆட்டை எப்படியும் வாங்காதீர்கள். அந்த நிலையில் வண்டியில் ஏற்றியதற்கு டாக்டரம்மாவிடம் நான் வாங்கிய திட்டு தனி.

போன வாரம் அதே எண்ணிலிருந்து புது விளம்பரம் வந்தது. அதே முளைக்குச்சி, அதே குரல், இந்தத் தடவை கறுப்பு ஆடு. பளபளவென்று மடி, பக்கத்தில் ஒன்றுக்கொன்று உயரம் ஒட்டாத இரண்டு குட்டிகள். “இரண்டாம் ஈத்து” என்றார். பல்லைக் காட்டி ஒரு வீடியோ போடுங்கண்ணே என்று செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீலக்குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விளம்பரம் காணவில்லை.