ஹீட் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறினால் ஹெட் கேஸ்கெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஹீட் முள் ஏறியதும் பதறிப்போய்க் கண்ணில் படும் முதல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுபவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 17,000 ரூபாய் போனது. போன காசைவிட, ஏமாந்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

என்னுடையது 2003 மாருதி ஜென். பெட்ரோல், 993 சிசி, நாலு சிலிண்டர். இந்த நாலை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து தேனிக்கு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டும்போது இருட்டிவிட்டது, ஹெட்லைட் போட்டேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற ஆரம்பித்ததும் "ஏங்க, அந்த முள்ளு என்ன மேல போகுது?" என்றாள் மனைவி. பார்த்தால் ஹீட் முள் முக்கால் தாண்டி நிற்கிறது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, ஸ்பேர் டேங்கில் தண்ணீர் அளவோடு இருந்தது, கொதிக்கிற சத்தமும் இல்லை. ஆனால் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. இவ்வளவு சூட்டில் ஃபேன் ஓடவில்லையென்றால் ஃபேன் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சூடே இல்லாததால்தான் அது சும்மா இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. அப்பா காலத்தில் எங்கள் அம்பாஸடர் தண்ணீர் இல்லாமல் ஓடி இன்ஜின் சீஸ் ஆனது. அந்த பயம் வேறு.

அரை மணி நேரம் நிறுத்தி, மெதுவாக உருட்டிக்கொண்டு போய், வழியில் விளக்கெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் அங்கிருந்தவர் ஒரு சின்ன கருப்பு டப்பாவை ஸ்டீயரிங்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி, "ஸ்கேன்ல ஹெட் கேஸ்கெட் போயிருச்சுன்னு காட்டுது சார்" என்றார். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். எந்த ஸ்கேனரிலும் "ஹெட் கேஸ்கெட் அவுட்" என்று ஒரு கோடு (பழுதுக் குறியீடு) கிடையாது. தண்ணீர் சூட்டு சென்சாரின் சிக்னல் கோளாறுக்குக் கோடு உண்டு, தெர்மோஸ்டாட் கோளாறுக்கு உண்டு. கேஸ்கெட்டைப் பிரித்தோ சோதித்தோதான் சொல்ல முடியும். அதோடு நம் நாட்டில் ஓபிடி-2 (இந்த ஸ்கேனர்கள் படிக்கும் பொது முறை) கட்டாயமானது 2013 ஏப்ரலில். 2003 வண்டியில் அந்த ஐந்நூறு ரூபாய் ப்ளூடூத் டப்பா எதைப் படித்திருக்கும்?

நாலு நாள் கழித்துப் போனேன். ஒரு பையன் அழுக்குத் துணியில் சுற்றிய கேஸ்கெட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஓரம் கருகியிருந்தது. "பாருங்க சார், இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இன்ஜினே போயிருக்கும்." மனைவிக்குக் காட்டலாமென்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்த நாலு நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். துண்டுச் சீட்டில் கணக்கு: ரேடியேட்டர் 4,200, கேஸ்கெட் செட் 1,850, லேத்தில் ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பை மட்டமாகச் சீவுவது) 1,500, கூலண்ட் 900, ஆயில் 1,550, ஸ்கேனிங் 500, கூலி 6,500. ஜிஎஸ்டி பில் இல்லை. ஜிபேயும் வேறு யாரோ பெயரில்.

"ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன் சார், சாவி போட்டாலே ஓடும். தெர்மோஸ்டாட்டையும் தூக்கிப் போட்டாச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

பகலில் ஓட்டிப் பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் இரவு மாட்டுத்தாவணி பக்கம் போனபோது முள் மறுபடி மேலே. போன் செய்தால், "பழைய இன்ஜின் சார், இதுக்கு மேல வேற இன்ஜின்தான் போடணும், முப்பது ரெடி பண்ணுங்க" என்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து வண்டியை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டார். ஹீட் முள் ஏறியது. அணைத்தார், உடனே இறங்கியது. மறுபடி போட்டார், ஏறியது.

"தம்பி, லைட்டை அமத்துனா ஒரு நொடியில தண்ணி ஆறிருமா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதோடு விடவில்லை. "இந்தப் பக்கம் பாருங்க" என்று பெட்ரோல் முள்ளைக் காட்டினார். ஹீட் முள் ஏறும்போதெல்லாம் அதுவும் ஒரு கோடு ஏறுகிறது. "பெட்ரோல் என்ன, ஊத்தாமலே ஊறுதா?"

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, மீட்டர் போர்டுக்குப் போகும் எர்த் ஒயரைத் தேடிப் பிடித்தார். முன்கண்ணாடி பீடிங் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி அந்த போல்ட் துருவேறிக் கிடந்தது. எர்த் சரியாகக் கிடைக்காத மீட்டரில், லைட் மாதிரி பெரிய லோடு போட்டதும் முட்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். எமரித்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து முறுக்கினார். கூலி 150. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு முள்ளும் அசையவில்லை.

பிறகு அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "எண்ணுங்க தம்பி." எண்ணினேன். சிலிண்டர் ஓட்டை மூன்று. 800க்கும் ஆம்னிக்கும் போடுகிற மூன்று சிலிண்டர் கேஸ்கெட் அது. என்னுடையது நாலு. அப்புறம்தான் பானெட்டைத் திறந்தோம். ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங் செய்வதென்றால் பொதுவாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுத்துப்போகும் குழாய்த் தொகுதி) கழற்றுவார்கள். அந்த நட்டுகளில் பல வருடத்துத் துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. ரேடியேட்டரை மாற்றியிருக்கிறார்கள், ஹெட்டைத் தொடவே இல்லை. ஃபேஸிங்குக்கு 1,500!

தெர்மோஸ்டாட் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை ஏமாற்ற நினைக்காத மெக்கானிக்குகளும் செய்கிறார்கள். அது சுமார் 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் வால்வு. அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடாக்கும். இன்ஜினுக்குச் சூடு பகை இல்லை, சரியான சூடு வேண்டும். தண்ணீர் சூடாகாவிட்டால் ஈசியூ (பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டர்) "இன்னும் காலை நேரம்" என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். லிட்டருக்கு 15 கொடுத்த என் வண்டி அந்த வாரம் 11 கொடுத்தது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம் (பளபளக்கும் அலுமினியத்தில் நேராகப் பார்த்தால் குறைத்துக் காட்டும்). ஊரைச் சுற்றிவிட்டு வந்த இன்ஜினில் 61 டிகிரி. புது தெர்மோஸ்டாட் போட்டு, ஃபேனைப் பழையபடி மாற்றியதும் 88க்கும் 95க்கும் நடுவே நிற்கிறது.

முள்ளை மட்டும் நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கிறது. என் வண்டியில் மீட்டர் முள்ளுக்கு ஒற்றை ஒயர் சென்சார், ஈசியூவுக்கு இரண்டு ஒயர் சென்சார். இரண்டும் வேறு வேறு, ஒன்று பொய் சொன்னாலும் மற்றது சரியாக இருக்கலாம். ஈசியூ சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்க்கலாம்: 20 டிகிரியில் இரண்டேகால் முதல் இரண்டே முக்கால் கிலோ ஓம் வரை, 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும்.

நிஜமாகவே சூடேறினால் அது எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நின்றால் ஏறி, ஹைவேயில் இறங்கினால் ஃபேன், ரிலே, ஃபேன் ஒயர் பக்கம் பாருங்கள். ஹைவேயில் வேகம் எடுக்க எடுக்க ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து ஒழுகல் எங்கும் தெரியாவிட்டால், அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் மூடியில் பால் காபி நிறத்தில் வழவழப்பு, சைலன்ஸரில் நிற்காத வெள்ளைப்புகை, வண்டி ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி, இவையும் அதற்கான அறிகுறிகள். நீலத் திரவம் ஊற்றிப் பார்க்கிற பிளாக் டெஸ்ட் ஒன்று உண்டு, எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். அதைச் செய்து காட்டாமல் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். 0.9 கிலோ பிரஷர் மூடி உள்ளே தண்ணீரை 118 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்துவைத்திருக்கும், திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

படத்தோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போனேன். "பையன் மாத்தி எடுத்துக் காட்டிட்டான் சார்" என்றார். சரி, என் வண்டியின் கேஸ்கெட் எங்கே என்றால், பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டானாம். என் பழைய ரேடியேட்டரும் அதே வண்டியில் போய்விட்டதாம். மேனிஃபோல்ட் நட்டைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டதும் குரல் மாறியது. கடைசியில் 3,000 கொடுத்தார். மீதியைக் கேட்டபோது, "ஆனதைப் பாருங்க" என்று ஷட்டரை இறக்கினார். அன்றிலிருந்து என் நம்பர் பிளாக்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததுதான் இடிக்கிறது. துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், மூன்று ஓட்டை கேஸ்கெட் படம், இவ்வளவுதான் கையில். இதை வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன ஆகிறது என்று வந்து சொல்கிறேன்.