ஒரு செமஸ்டருக்கு லூவன்: வெள்ளிக்கிழமை மாலையில் காலியாகும் நகரம்

எங்கள் கல்லூரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வியன்னா, பார்சிலோனா, லூவன் என்று மூன்று நகரங்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதல் இரண்டும் வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டவை. மூன்றாவதை, பெல்ஜியத்தின் வரைபடத்தில் பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி விரலால் தொட்டுக் காட்டிய பிறகும், அம்மாவுக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கை வரவில்லை. நான் லூவனைத்தான் எடுத்தேன். செப்டம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அங்கே தங்கிப் படித்தவன் என்ற முறையில், அந்தத் தேர்வு எங்கே பொருந்தியது, எங்கே இடித்தது என்பதை அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மின்னணுவியல் முதுநிலை மாணவனான எனக்குக் காரணம் எளிது. சிப் ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஐமெக் நிறுவனம் 1984 முதல் அந்த ஊரில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் அதன் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. முதுநிலைப் பாடங்கள் பலவும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் இளநிலை மாணவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே இளநிலை வகுப்புகளில் பெரும்பாலானவை டச்சு மொழியில்தான். பார்சிலோனாவிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் உண்டு; ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு போனவர்கள், கணிசமான வகுப்புகள் அந்த வட்டாரத்தின் கத்தலான் மொழியில் நடப்பதைக் கண்டு விழிக்கிறார்கள். வியன்னாவில் குழாயைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீர் வரும், சுரங்க ரயில் எல்லா இடத்துக்கும் போகும், குறை சொல்ல அதிகமில்லை. ஆயினும் இருபது லட்சம் பேர் வாழும் ஒரு தலைநகரத்தைப் பழகவே ஒரு மாதம் ஆகும். கையில் இருப்பதோ நான்கு மாதம். லூவனில் மூன்றாம் நாளே எனக்கு வழி கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

ரயில் நிலையத்திலிருந்து நேராக ஒரு வீதி. அதன் முடிவில், கல்லில் சரிகை வேலை செய்ததுபோல் நிற்கும் பதினைந்தாம் நூற்றாண்டு நகரமன்றம். அங்கிருந்து சற்று நடந்தால் பல்கலைக்கழக நூலகத்தின் கோபுரம். பல்கலைக்கழகம் 1425-இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தை 1914-இல் ஜெர்மானியப் படை எரித்தது. அமெரிக்கர்களின் நன்கொடையில் மீண்டும் எழுந்த கட்டடமும் 1940-இல் எரிந்தது. இரண்டு தீயிலிருந்தும் மீண்ட நூலகத்துக்கு மூன்றாவதாக வந்தது மொழிப் பூசல். டச்சு, பிரெஞ்சு மொழியினருக்கு இடையிலான மோதல் 1968-இல் முற்றி, பிரெஞ்சுப் பிரிவு தனியே பிரிந்து வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, நூல்களின் பெரும்பகுதியை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா உனக்கு, மூடி எனக்கு என்பதுபோல, தொடர்ச்சியாக வந்த சில நூல்வரிசைகள் இரண்டு ஊர்களிலும் பாதி பாதியாகக் கிடக்கின்றன என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மொழி அங்கே எவ்வளவு கூர்மையான விஷயம் என்பது தெரிந்துவிட்டால், கடைக்காரரிடம் பிரெஞ்சில் பேச்சைத் தொடங்கும் தவறை நீங்கள் செய்யமாட்டீர்கள். ஆங்கிலத்தில் பேசினால் எந்தக் குறையும் இல்லை.

லூவனுக்கு மதிப்பெண் போட்டால், அதை முதலில் குறைப்பது தங்குமிடம். மாணவர் அறையை அங்கே 'கொட்' என்பார்கள். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 10 அல்லது 12 மாதத்துக்கானவை. ஐந்து மாதத்துக்கு அறை கேட்டால் வீட்டுக்காரர்களின் குரலே மாறுகிறது. எனவே பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொண்ட கடிதம் வந்த அன்றே அதன் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். அல்லது வேறு நாட்டுக்கு அரையாண்டு போகும் உள்ளூர் மாணவரின் அறையை உள்வாடகைக்குப் பிடியுங்கள். நான் பிடித்தது அப்படி ஓர் அறைதான். வாடகை 500 யூரோவைத் தாண்டியது. முன்பணமாக இரண்டு மாத வாடகை தனி. நுழையும்போது அறையின் நிலையைக் குறிக்கும் விரிவான அறிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அதை நான் படித்துப் பார்க்காமல் போட்டுக்கொடுத்தேன். பிப்ரவரியில் வெளியேறும்போது, சமையல்மேடையின் வெள்ளைப் பலகையில் மஞ்சள் தூள் படிந்த உள்ளங்கை அகலக் கறை ஒன்றைக் காட்டி, முன்பணத்தில் 120 யூரோவைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். கறை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த தீய்ந்த தடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதை மறுக்க என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தபின், நீங்கள் சொன்ன முகவரியில் உண்மையிலேயே வசிக்கிறீர்களா என்று பார்க்க அந்தப் பகுதிக் காவலர் வீட்டுக்கே வருவார். அழைப்புமணியின் பக்கத்தில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். என் பெயரைப் பார்த்த காவலர், இதில் குடும்பப் பெயர் எது என்று கேட்டார். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்றும் இல்லை, அது என் அப்பாவின் பெயர் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஊர் திரும்பும் வரை, வங்கியிலிருந்து ஆய்வகம் வரை என்னை எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கிக் கணக்கு தொடங்குவது தள்ளிப்போகும்.

போக்குவரத்துக்கு முழு மதிப்பெண். வாடகைக்கு ஒரு மிதிவண்டி எடுத்துவிட்டால் பொறியியல் வளாகம் பத்து நிமிடத் தூரம். மழையில் ஓட்டப் பழக வேண்டும், விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம் உண்டு. டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுவதால் இந்த இரண்டாவது செய்தி விளையாட்டல்ல. பிரஸ்ஸல்ஸ் விமான நிலையம் ரயிலில் கால்மணி நேரம். பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

இனி, எந்தக் கையேடும் எனக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல், அறையில் உட்கார்ந்திருந்தபோது, வீதியில் கடகடவென்று ஓர் ஓசை தொடங்கி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான மாணவர்கள், சக்கரம் வைத்த பெட்டிகளைக் கருங்கல் பாவிய தரையில் இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். உள்ளூர் மாணவர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்; பெட்டிக்குள் இருப்பது அழுக்குத் துணி. ஞாயிறு இரவு அதே ஓசை எதிர்த்திசையில் கேட்கும். இப்போது பெட்டியில் துவைத்த துணியும் அம்மா சமைத்து டப்பாவில் அடைத்த சாப்பாடும் இருக்கும். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை இரவு இரண்டு மணிக்கும் கலகலக்கும் பழைய சந்தைச் சதுக்கம், சனிக்கிழமை மாணவர் கூட்டமின்றி வேறோர் ஊர்போல் இருக்கும். ஞாயிறன்று கடைகளும் பெரும்பாலும் அடைத்துவிடும். எங்கள் மாடியில் சமையலறையைப் பகிர்ந்த எட்டுப் பேரில், சனிக்கிழமை எஞ்சியிருந்தவர்கள் நானும் ஒரு போர்ச்சுகல் மாணவியும் மட்டும். தனிமை ஒத்துவராதவர்கள் இதை முதலிலேயே எடைபோட வேண்டும். எனக்கு மூன்றாம் வாரத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றே தோன்றியது. பிறகு ஒரு வழி கிடைத்தது: வார இறுதியில் கெண்ட், ப்ரூக், கொலோன் என்று ரயிலேறிவிடுவது, போகாத வாரங்களில் வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்து சமைப்பது.

உணவகங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழக உணவகத்தில் சைவச் சாப்பாடு தினமும் கிடைக்கும். உப்பும் உறைப்பும் நாமே கொண்டுபோக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தெருமுனைக் கடையில் பொன்னிறமாக வறுத்துத் தரும் உருளைக்கிழங்கு சைவம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், மரபுப்படி அதை மாட்டுக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். நான் கேட்டது நான்காவது பொட்டலத்துக்குப் பிறகு.

படிப்பில் தரம் உயர்வு, தாராளம் குறைவு. மதிப்பெண் 20-க்கு, தேர்ச்சிக்கு 10, 14 வாங்கினாலே நல்ல மாணவன் என்கிறார்கள். அதை நம் கல்லூரி அப்படியே நூற்றுக்கு 70 என்று மாற்றிப் போட்டால் இழப்பு உங்களுக்கு; மாற்றும் விதியைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுகளில் கணிசமானவை வாய்மொழித் தேர்வுகள். கேள்வித்தாளைக் கொடுத்து அரைமணி நேரம் தயார்செய்ய விட்டபின், பேராசிரியரின் எதிரே உட்கார வைப்பார்கள். என் பேராசிரியர் நான் எழுதிய சமன்பாட்டின் முதல் வரியைப் பென்சிலால் தட்டி, "இது ஏன்?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே இருபது நிமிடம் போயிற்று.

வகுப்புகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்தாலும், தேர்வுகள் ஜனவரி முழுவதும் நடக்கும். டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்து போகலாம் என்று விமானச்சீட்டு வாங்கியவர்கள் அதை ரத்து செய்ததைப் பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் அங்கே படிப்பதற்கானவை, நூலகத்தில் இருக்கை பிடிக்கக் காலையிலேயே வரிசை நிற்கும். நம் ஊரில் அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதால் நான் திரும்பியபோது நான்கு வார வகுப்புகள் போயிருந்தன, வருகைப்பதிவுக்காகத் துறைத்தலைவரிடம் மனு எழுத வேண்டியிருந்தது. இளையவர் ஒருவர் இந்த ஆண்டு லூவனுக்கு விண்ணப்பிக்கிறார். அவரை அந்த மனுவை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்; சமையல்மேடைக்கு விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.