லென்ஸ் மாற்றிய ப்ளூ-ரே பிளேயரும் என் 5.1 ஸ்பீக்கர்களும்

லென்ஸ் மாற்றி சர்வீஸிலிருந்து பிளேயர் வந்து சேர்ந்த அதே வாரத்தில், இந்த மாடல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. நான் கடுப்பில் இருக்கிறேன்.

படத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கீறல் விழுந்த பழைய டிவிடிகளைக்கூடத் திணறாமல் ஓட்டும். டிஸ்க் சுற்றும் சத்தம் சோபா வரை வராது. என் சண்டையெல்லாம் ஒலி வெளியே போகும் வழியோடுதான்.

சர்வீஸில் செட்டிங்ஸை எல்லாம் அழித்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, எங்கும் வழக்கம்தான். ஆனால் அழித்தபின் இந்த பிளேயரின் ஆடியோ அவுட்புட் 'ஆட்டோ'வுக்குப் போய்விடும். டிஸ்க்கைப் போட்டதும், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் முகப்பில் 'டால்பி ட்ரூஎச்டி' (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) என்று வரவேண்டிய இடத்தில் 'பிசிஎம்' (பிளேயரே பிரித்து அனுப்பும் ஒலி) என்று மட்டும் மினுங்கியது. டிஸ்க்கில் ஐந்து சேனலும், கனத்த ஒலிக்கான பெட்டியான சப்வூஃபருக்கு ஒரு சேனலும் தனித்தனியாக இருக்கின்றன, அதுதான் 5.1. பிளேயரோ எல்லாவற்றையும் இரண்டில் கலக்கி அனுப்புகிறது.

எரிச்சல் என்னவென்றால், இது காதுக்குச் சட்டென்று பிடிபடாது. இரண்டு சேனல் வந்தால் ரிசீவர் தானாக ஊகித்துப் பின் ஸ்பீக்கர்களுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிடும், அதுதான் அப்மிக்ஸ். பின்னால் ஏதோ முனகும். வீட்டில் "நல்லாத்தானே கேக்குது" என்பார்கள். வயர் இழுத்து, சுவரில் ஆணி அடித்து, கடைசியில் ஸ்டீரியோவையே ஐந்து பெட்டிகளில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். ரிசீவர் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்!

ஆட்டோ ஏன் இப்படிச் சொதப்புகிறது? எச்டிஎம்ஐ வழியாக பிளேயர் முதலில் எதிரே இருக்கும் கருவியிடம், உன்னால் எந்தெந்த ஒலி வகைகளை வாங்க முடியும் என்று கேட்கும். ரிசீவர் ஆனில் இருந்தால் முழுப் பட்டியலும் போகும். ஸ்டாண்ட்பையில் இருந்தால், என் ரிசீவர் சிக்னலை அப்படியே டிவிக்குக் கடத்திவிடும். அப்போது பதில் சொல்வது டிவி. தனக்கு ஸ்டீரியோ போதும் என்று அது சொல்லிவிடும். அப்புறம் ரிசீவரை ஆன் செய்தாலும் பிளேயர் மறுபடி கேட்பதில்லை. அதனால் டிவி, ரிசீவர், கடைசியில் பிளேயர் என்ற வரிசையில்தான் ஆன் செய்தாக வேண்டும். விருந்தாளி யாராவது ரிமோட்டை எடுத்தால் போச்சு.

சரி, டிஸ்க்கில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றிவிடலாமே? மாற்றினேன். இப்போது 'டால்பி டிஜிட்டல்' என்று வருகிறது, ட்ரூஎச்டி வரவில்லை. காரணம் வேறொரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் 'செகண்டரி ஆடியோ'. படத்தின் மேல் இயக்குநர் பேசும் வர்ணனை, மெனுவில் பட்டனை அழுத்தினால் வரும் டிக் சத்தம் போன்றவற்றை மூல ஒலியோடு கலப்பது இதன் வேலை. ஆனில் இருந்தால் மூல ஒலியைப் பிரித்து, இவற்றைக் கலந்து, சாதாரண டால்பி டிஜிட்டலாகச் சுருக்கித்தான் வெளியே விடும். ஒரு டிக் சத்தத்துக்கு இத்தனை கூத்து. வரும்போதே ஆனில் வருகிறது. ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் மறுபடி ஆன் ஆகிவிடுகிறது. மேனுவலில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி.

நியாயமாகப் பார்த்தால், ட்ரூஎச்டிக்கும் நொடிக்கு 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலுக்கும் உள்ள வித்தியாசம் என் ஸ்பீக்கர்களில் மிக லேசாகத்தான் தெரிகிறது. பழைய ரிசீவரில் ஆப்டிகல் கேபிள் போட்டுக் கேட்பவர்களுக்கு ட்ரூஎச்டி எப்படியும் கிடைக்காது, அவர்கள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. 5.1 ஸ்டீரியோ ஆவதைத்தான் தாங்க முடியவில்லை.

ரிசீவரைப் பார்த்தாவது இந்த பிளேயர் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து அதில் ஏற்றியிருக்கிறேன். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். என் இடப்பக்கப் பின் ஸ்பீக்கர் கிட்டத்தில் இருப்பதால், அதன் ஒலியைக் கணக்காகத் தாமதித்து அனுப்புகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்குத் தள்ளிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலும் ஒன்றையும் மறப்பதில்லை.

எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறேன். குண்டுவெடிப்பைச் சொல்லவில்லை, அதற்கு ஒரு நல்ல சப்வூஃபர் போதும். மழையைச் சொல்கிறேன். பின் ஸ்பீக்கர்களை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் காதைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால், 110 டிகிரி வாக்கில் வைத்திருக்கிறேன். ஒரு மழைக் காட்சியில் ஒருவர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்துகிறார். சாத்தியதும் அறை முழுக்க இருந்த மழை மங்கி, கூரைக்கு வெளியே போய்விடுகிறது. தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் முன்னால், நடுவில். பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. அதே காட்சியை அந்த இரண்டு சேனல் பிசிஎம்மில் போட்டால் மழை டிவியோடு ஒட்டிக்கொள்ளும், வசனத்தின் எதிரொலி பின்னால் கசியும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். ஆன் செய்யும் வரிசையை மனப்பாடம் செய்யவேண்டிய கருவி வீட்டுக்குத் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்களேன் என்றார். தரமாட்டேன். இப்போதுதான் லென்ஸ் மாற்றியிருக்கிறது.