உரம் சலிக்கும் உருளை: எட்டு மாதம் ஓட்டியபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடையில் வாங்கிய பொருள் அல்ல. செய்தவளும் நான், ஓட்டுகிறவளும் நான், இப்போது குறை சொல்ல உட்கார்ந்திருப்பவளும் நான். சொந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போடும்போது கை தாராளமாகிவிடும் என்பதால், பாராட்டைச் சுருக்கிக் குறைகளை நீட்டி எழுதியிருக்கிறேன்.

எனக்குத் தொழில் தையல். தோட்டம் பின்னால் பிடித்துக்கொண்ட பைத்தியம். மூன்று மட்குத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். மட்கிய உரத்தை இத்தனை நாளும் மரச்சட்டத்தில் வலை அடித்த கைச்சல்லடையால்தான் சலித்து வந்தேன். தள்ளுவண்டியின் மேல் சட்டத்தை வைத்து, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு வண்டி நிறைய 40 நிமிடம் ஆகும். சலித்துச் சலித்து எனக்கே சலித்துவிட்டது. பகலெல்லாம் தையல் மேசைமேல் குனிந்திருக்கும் முதுகு, மாலையில் சல்லடைமேலும் குனிய மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

அமைப்பு எளிதானதுதான். சாய்வாகப் படுத்திருக்கும் ஒரு வலை உருளை. மேல்முனையில் உரத்தைப் போட்டால், சுற்றச் சுற்றப் பொடி வலை வழியே கீழே கொட்டும். சலியாத கப்பி மறுமுனையில் வந்து விழும். உருளையின் எலும்புக்கூடு பழைய 24 அங்குல சைக்கிள் ரிம்கள். ஆரக்கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வலையை ரிம்களின் உட்புறமாகச் சுற்றி, ஆரக்கம்பி இருந்த துளைகள் வழியாகக் கட்டுக்கம்பியால் தைத்தேன். ஆம், தைத்தேன் என்றே சொல்வேன். ரிம்முக்கு 36 துளை, ஒவ்வொன்றிலும் ஒரு தையல். வலையின் இரு ஓரமும் சேரும் இடத்தில் 5 செ.மீ. மேல்மடிப்பு விட்டிருக்கிறேன். கம்பியின் முறுக்கு முனைகள் கட்டாயம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நான் முதலில் உள்ளே விட்டேன். ஒவ்வொரு முனையிலும் நார் சிக்கி, ஒரே நாளில் உருளைக்குள் தாடி வளர்ந்துவிட்டது.

டயர் உட்காரும் பள்ளம் இப்படி வெளியே காலியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. நான்கு சிறிய ரப்பர் சக்கரங்களைச் சட்டத்தில் பொருத்தினால், இரு முனை ரிம்களும் அந்தச் சக்கரங்களின் மேல் உட்கார்ந்து சுற்றும். உருளை சாய்வில் வழுக்கி இறங்காமல் பள்ளமே பிடித்துக்கொள்கிறது. இந்த இயந்திரத்தில் நான் யோசிக்காமலே சரியாக அமைந்தது இது ஒன்றுதான்.

இனி மோட்டார். கடையில் ஓய்வுபெற்ற ஓவர்லாக் இயந்திரத்தின் கிளட்ச் மோட்டார் ஒன்று மூலையில் கிடந்தது. அரைக் குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று. தையற்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சுவிட்சைப் போட்டதும் மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், மிதியை அழுத்தினால்தான் கிளட்ச் பிடித்து புல்லி சுற்றும், காலை எடுத்தால் பிரேக் பிடித்து நின்றுவிடும். (புல்லியைக் கப்பி என்றும் சொல்லலாம்தான். சல்லடையில் மிஞ்சுவதும் கப்பி என்பதால் இரண்டையும் பிரித்து எழுதுகிறேன்.) உருளைக்குள் எது சிக்கினாலும் காலைத் தூக்கினால் போதும், சுவிட்சைத் தேட வேண்டாம். இந்த ஒரு குணத்துக்காகவே அந்த மோட்டாருக்கு முழு மதிப்பெண்.

ஆனால் வேகத்தில் ஏமாந்தேன். மோட்டாரில் 5 செ.மீ. புல்லி, ரிம்மின் பள்ளம் ஏறக்குறைய 50 செ.மீ.; பத்தில் ஒன்றாகக் குறைந்து 144 சுற்று வரும், வேகமாகச் சுற்றினால் வேகமாகச் சலிக்கும் என்பது என் கணக்கு. முதல் மண்வெட்டி உரத்தைப் போட்டு மிதியை அழுத்தினேன். உரம் உள்ளே போனது. கீழே ஒன்றும் விழவில்லை. எட்டிப் பார்த்தால், போட்டதெல்லாம் வலையின் உட்சுவரில் துணிக்கு உள்துணி வைத்ததுபோலச் சமமாக ஒட்டிக்கொண்டு உருளையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற என் கணவர், “இது சலிக்கவில்லை, பிழிகிறது” என்றார். சலவை இயந்திரம் துணியைப் பிழிவதும் இப்படித்தானே. அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான், ஆனால் பிழை அதில்தான் இருந்தது.

உரம் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உருளையின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுக்க வேண்டும். என் அரை மீட்டர் உருளைக்கு நிமிடத்துக்கு 60 சுற்று. அதைத் தொட்டுவிட்டால் மையவிலக்கு விசை புவியீர்ப்பை வென்றுவிடும், எதுவும் உதிராது. நன்றாகச் சலிக்க அந்த எல்லையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் ஓட்ட வேண்டும். நானோ எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மிதியைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டலாமே என்று பார்த்தேன். காலர் தைக்கும்போது அப்படித்தானே செய்கிறோம். காலர் தைப்பது சில நொடிகள். உரம் சலிப்பது அரை மணி. கிளட்சின் தக்கைத் தகடு கருகி நாறியது. பிறகுதான் அடங்கி, நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்தேன். மோட்டாரின் 5 செ.மீ. புல்லி ஷாஃப்டின் 25 செ.மீ. புல்லியை ஓட்டுகிறது: 288 சுற்று. அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள 5 செ.மீ. புல்லி ரிம்மை ஓட்டுகிறது: 29க்குச் சற்றுக் குறைவு. ரிம்மில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கடிகாரம் வைத்து எண்ணினேன். 28. பெல்ட் கொஞ்சம் வழுக்குகிறது போலும்.

அந்த வேகத்தில் முதல்முறை ஓடியபோது கீழ்முனையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். உரம் சுவரோடு தோள் உயரம் வரை ஏறுகிறது, தயங்குகிறது, பிறகு உடைந்து சரிகிறது. சரியும்போதுதான் பொடி பிரிகிறது. ஈரக் கட்டிகள் உருண்டு உருண்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஓட்டை விட்டத்தைவிட மெல்லிய குச்சிகள் தலைகீழாக வலைக்குள் நுழைந்து, ஊசிப்பஞ்சில் குத்திய குண்டூசி மாதிரி நிற்கின்றன. பழங்களின் மேல் ஒட்டி வரும் சிறிய ஒட்டுத்தாள்கள் ஒன்றுகூட மட்காமல், எழுத்துகூட அழியாமல், வரிசையாக என் காலடியில் வந்து விழுந்தன.

வலை இரண்டு வகை. மேல்பக்கம் 70 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. ஓட்டை, அடுத்த 50 செ.மீ. 12 மி.மீ. நுண்வலை முதலில் வருவது முக்கியம். மாற்றி வைத்தால் எல்லாம் பெரிய ஓட்டையிலேயே கொட்டிவிடும். முதலில் விழுவது நாற்றுத்தட்டுக்கு, அடுத்தது பாத்திகளுக்கு. சாய்வை முதலில் 20 செ.மீ. கொடுத்தேன். உரம் வலையைச் சரியாகப் பார்க்காமலே ஓடி வெளியே போய், நல்ல பொடியெல்லாம் கப்பியோடு கலந்தது. இப்போது 120 செ.மீ. நீளத்துக்கு 10 செ.மீ. சரிவு, அதாவது 5 பாகைக்குப் பக்கம். சட்டத்தின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து மாற்றிக்கொள்கிறேன்.

பெல்ட் ஓடும் ரிம்மை உருளையின் நடுவில் வைத்தது இன்னொரு பிழை. சலித்த பொடியெல்லாம் பெல்டின் மேலேயே விழுந்து அது வழுக்கியது. அந்த ரிம்மைக் கழற்றி மேல்முனைக்கு அப்பால், வலை முடிந்த இடத்துக்கு வெளியே தள்ளிப் பொருத்திய பிறகு தொல்லை இல்லை. பெல்டுகளுக்குத் தகர மூடி போட்டிருக்கிறேன். தையற்கடையில் பெல்டுக்குள் துணி போனதையும் பார்த்திருக்கிறேன், பின்னல் போனதையும் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஈரத்தில் ஓடுவதால் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் இதைத் தொடவே மாட்டேன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், உரம் ஈரமாக இருந்தால் இயந்திரம் வெறும் அலங்காரம். மட்கும் குவியலுக்கு 50 முதல் 60 சதவீத ஈரம் வேண்டும்; அதே ஈரத்தோடு உருளையில் போட்டால் ஐந்தாவது நிமிடத்தில் 6 மி.மீ. வலை அடைத்து, வலை உருளை தகர உருளையாகிவிடும். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அளவிடும் கருவி என்னிடம் இல்லை, கைதான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் நீர் கசியக் கூடாது. விரலை விரித்ததும் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். அதனால் இப்போதெல்லாம் சலிப்பதற்கு இரண்டு நாள் முன்பே உரத்தை நிழலில் விரித்துவிடுகிறேன். அதற்காக மொறமொறவென்று காயவிட்டால் புழுதி பறக்கும். அந்தப் புழுதி விளையாட்டல்ல. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளும் லெஜியோனெல்லா வகைப் பாக்டீரியாவும் மட்கு உரத்தில் இருக்கக்கூடியவை, நுரையீரலைத் தாக்கக்கூடியவை. முகக்கவசம் இல்லாமல் மிதியில் கால் வைப்பதில்லை.

அடைப்புக்கு ஒரு மருந்து உண்டு. தரை தேய்க்கும் கடினமான பிரஷ் ஒன்றை உருளையின் மேற்புறத்தில், வெளியிலிருந்து வலையை உரசும்படி கீலில் மாட்டிவிட்டேன். குச்சிகளையும் களிமண்ணையும் அது உள்ளே தள்ளிவிடுகிறது. இயந்திரத்திலேயே மிக மலிவான பாகம், மிக அதிகமாக உழைக்கும் பாகமும் அதுதான்.

ஆனால் பிரஷுக்கும் அடங்காத எதிரி ஒன்று என் தொழிலிலிருந்தே வந்தது. வெட்டுத்துணிகளில் சுத்தப் பருத்தியை மட்டும் பொறுக்கித் தொட்டியில் போடும் பழக்கம் எனக்கு. பருத்தி அழகாக மட்கிவிடும். பழைய சட்டை ஒன்றையும் பொத்தான்களை வெட்டிவிட்டுப் போட்டிருந்தேன். துணி பருத்தி, தைத்த நூல் பாலியெஸ்டர். ஒரு நாள் கீழ்முனையில் கைப்பொருத்தின் தையல் மட்டும் வட்டமாக, முழுசாக, ஒரு கண்ணிகூட அறுபடாமல் வந்து விழுந்தது. சட்டை போய்விட்டது, தையல் இருக்கிறது. என் வேலையின் உறுதியைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் மீதி நூலெல்லாம் வலையிலும் ரப்பர் சக்கர அச்சிலும் சுற்றிக்கொண்டு உருளையே நின்றபோது அந்தப் பெருமை போய்விட்டது. கத்தரிக்கோலும் தையல் பிரிக்கும் ஊசியும் எடுத்து மாலை முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். இப்போது தையல் இல்லாத வெட்டுத்துணிக்கு மட்டுமே தொட்டியில் இடம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 40 நிமிடம் பிடித்த ஒரு வண்டி இப்போது 6 நிமிடத்தில் முடிகிறது. ஒரு வண்டி மட்டும் சலிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொய். வெளியே எடுத்து வைக்க, முடிந்ததும் தட்டிச் சுத்தம் செய்ய, மூடி வைக்க அரை மணி போய்விடும். வருடத்துக்கு ஒரு தொட்டி உரம் எடுப்பவர் கைச்சல்லடையோடு இருப்பதே நல்லது. நான் ஒரே நாளில் எட்டு வண்டி, பத்து வண்டி என்று சேர்த்துச் சலிக்கிறேன். அங்கேதான் இது தன் கூலியைக் கொடுக்கிறது. மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கவிழ்த்தால், அடியில் உள்ளது மட்டும் சலித்து மேலே உள்ள பொடி சவாரி செய்துகொண்டே வெளியே போய்விடும். கப்பியை வீணாக்குவதில்லை, புதிய குவியலில் கலந்துவிடுகிறேன். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஏற்கெனவே குடியிருக்கின்றன, குச்சிகளுக்கு இடையே காற்றும் போகும். மண்புழுக்கள் பெரும்பாலும் உருண்டு கப்பியோடு உயிருடன் வந்துவிடுகின்றன, சில நசுங்குகின்றன. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. புழு அதிகமாக இருக்கும் தொட்டியை மட்டும் இன்னும் கையால்தான் சலிக்கிறேன்.

சத்தம் உண்டு. மோட்டார் அல்ல, ரிம்கள்தான் கடகடக்கின்றன; ஒரு ரிம் லேசாகக் கோணியிருக்கிறது. பத்துக்கு ஏழு கொடுக்கலாம். ஒன்று சத்தத்துக்குப் போயிற்று, ஒன்று புழுக்களுக்கு.

மூன்றாவது மதிப்பெண் எங்கே போயிற்று என்றால், போன மாதம் என் தங்கை, “அக்கா, ஒரு வாரம் மட்டும் இரவல் கொடு” என்று கேட்டாள். சந்தோஷமாகச் சம்மதித்து, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தோட்டக் கதவு வரை போனோம். கதவின் அகலம் 80 செ.மீ. எல்லாவற்றையும் போல்ட் போடாமல் வெல்டிங் செய்து முடித்த என் சட்டத்தின் அகலம் 86. “அளவெடுக்கிறது தானே உன் தொழில்” என்று கேட்டுவிட்டு, கைச்சல்லடையை வாங்கிக்கொண்டு போனாள்.