மைபாட்டிஸ்: வேலைக்கு நல்லது, தப்பை மட்டும் சொல்லாது

தண்டையார்பேட்டையில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு நான்தான் புரோகிராம் எழுதித் தருகிறேன். புரோகிராம் ஜாவாவில், தகவல்கள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், அங்கிருந்து வருவதை ஜாவாவில் நிரப்பித் தர நடுவில் மைபாட்டிஸ். 2010 வரை ஐபாட்டிஸ் என்று இருந்ததுதான் இது. டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை நம் கையால் எழுதலாம், எழுதியதுதான் ஓடும். அதற்காகவே நான்கு வருடமாக இதை விடவில்லை.

ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். புது கேட் பாஸ் போட்ட அன்று காலை ஏழு மணிக்கே சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். "இன்னாம்மா, பாஸ்ல பொட்டி நம்பரே விழல?" வண்டி நம்பர் இருந்தது. பொட்டி, அதாவது கண்டெய்னர், நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமை, எடை 0. வெளியே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதே க்வெரியை (எஸ்க்யூஎல் கேள்வியை) டேட்டாபேஸில் நேராக ஓட்டினேன்: நான்கு எழுத்து, ஏழு எண், அச்சுப் பிசகாமல் வந்தது. லாக்கில் ஒரு எரர் கூட இல்லை.

டேபிளில் நெடுவரிசையின் பெயர் 'கண்டெய்னர்_நோ'. அதை வாங்கிக்கொள்ளும் ஜாவா கிளாஸில் ஃபீல்டின் பெயர் 'கண்டெய்னர்நோ'. மைபாட்டிஸ் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது, ஆனால் அண்டர்ஸ்கோர் வந்தால் வேறு பெயர் என்று எடுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். பழைய திரைகளுக்கெல்லாம் எந்த நெடுவரிசை எந்த ஃபீல்டுக்கு என்று சொல்லும் ரிசல்ட் மேப் எழுதியிருந்தேன். இதற்கு மட்டும் அவசரத்தில், பெயர் பார்த்துப் பொருத்துவதை மைபாட்டிஸிடமே விடும் ரிசல்ட் டைப் போட்டுவிட்டேன்.

எடைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஃபீல்டு 'இன்ட்', காலியாக இருக்க முடியாத எண் வகை. மதிப்பு ஏறாவிட்டால் 'நல்' (மதிப்பே இல்லை) ஆகாது, 0 ஆகவே நிற்கும், ரிப்போர்ட்டில் நிஜ எடை மாதிரி கூட்டலில் சேர்ந்துவிடும். அன்றே எல்லாவற்றையும் நல் ஏற்கும் 'இன்டிஜர்' ஆக மாற்றினேன்.

'மேப் அண்டர்ஸ்கோர் டு கேமல் கேஸ்' என்ற செட்டிங்கை ட்ரூ செய்தால் அண்டர்ஸ்கோரை விட்டுவிட்டுப் பொருத்தும், இந்தப் பெயர்ச் சிக்கல் தீர்ந்துவிடும். தானாக வராது, நாம்தான் போட வேண்டும். அதோடு 'ஆட்டோ மேப்பிங் அன்நோன் காலம் பிஹேவியர்' என்பதை ஃபெயிலிங் என்று வையுங்கள். பொருந்தாத பெயர் வந்தால் அங்கேயே எக்செப்ஷன் அடிக்கும். க்வெரியின் செலக்டில் எழுதவே மறந்த நெடுவரிசையை மட்டும் அது பிடிக்காது.

அப்புறம் இன்னொன்று. ரிசல்ட் மேப்பில் ஜாயினுக்காக (இரண்டு டேபிளைச் சேர்த்து எடுக்க) ஒரு அசோசியேஷன், அதாவது உள்ளே இன்னொரு கிளாஸ், சேர்த்தால், அதுவரை தானாக நிரம்பிய வெளி ஃபீல்டுகளும் நல் ஆகிவிடும். ஆட்டோ மேப்பிங், அதாவது பெயர் பார்த்துத் தானாக நிரப்புவது, இயல்பாகப் பார்ஷியல்தான்; இப்படி உள்ளே இன்னொன்று இருந்தால் செய்யாது. அந்த மேப்பில் ஆட்டோ மேப்பிங் ட்ரூ என்று எழுதினால் திரும்ப வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஃபெயிலிங் மட்டும் முதலிலிருந்தே தானாக இருந்திருந்தால், அன்று காலை அந்த டிரைவர்கள் வெயிலில் நின்றிருக்க மாட்டார்கள்.